டெர்மினலைத் திறக்கும் வரியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா?

2025 நவம்பர் 3, இரவு 9.40 (கேள்வி, புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து)

உபுண்டு 22.04 லினக்ஸ். காலையில் கணினியைப் போட்டதும் நான்கு டெர்மினல் ஜன்னல்கள் (கட்டளை தட்டும் கறுப்புத் திரைகள்) தானாகத் திறக்க வேண்டும், மூலைக்கு ஒன்றாக. ஒன்றில் லாக் (நிரல் எழுதும் நடப்புப் பதிவு) ஓட வேண்டும், ஒன்றில் கிளைக் கணினிக்கு எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினிக்குள் நுழையும் இணைப்பு), மற்ற இரண்டு சும்மா. உபுண்டுவோடு வரும் க்னோம் டெர்மினலை -ஈ (உள்ளே ஓட வேண்டிய கட்டளையைச் சொல்லும் விருப்பம்) போட்டுத் திறந்தால் அந்த விருப்பம் கைவிடப்படுகிறது என்று எச்சரிக்கை வருகிறது. லாக் ஜன்னல் மின்னி மறைகிறது. மூலைக்கும் போக மாட்டேன் என்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு பைத்தானில் ஒரு நிரல் எழுதிக்கொள் என்கிறார் நண்பர். அது சரியா?

நவம்பர் 3, இரவு 11.15 (பதில், கடலூரிலிருந்து)

பைத்தான் வேண்டாம் தம்பி. நீங்கள் கேட்பது எல்லாமே திறக்கும் வரியிலேயே இருக்கிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்து மொத்தக் கடைக்குக் கணினி வேலை பார்க்கிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்களுக்குக் கிளை. காலையில் கடை திறக்கிற பையன் பொத்தானை அமுக்குவான், ஜன்னல்கள் தத்தம் இடத்தில் வந்து உட்காரும். அவனுக்கு லினக்ஸ் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

க்னோம்-டெர்மினல் -- டெயில் -எஃப் லாக்-கோப்பு

டெயில் ஒரு கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் கட்டளை, -எஃப் போட்டால் புது வரி வரவரக் காட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் தனியாக நிற்கும் இரண்டு கோடுகளைப் பாருங்கள். அதற்கு முன்னால் இருப்பது டெர்மினலுக்கு, பின்னால் இருப்பது உள்ளே ஓடப்போகும் நிரலுக்கு. -ஈ-க்குப் பதில் இனி இதுதான். அந்த எச்சரிக்கையின் அடுத்த வரியிலேயே இதைச் சொல்லியிருப்பார்கள், மேலே ஓடிவிட்டதால் கவனித்திருக்க மாட்டீர்கள்.

நவம்பர் 3, இரவு 11.50

ஜன்னல் மின்னி மறைவதைப் பற்றி. டெர்மினல் தனக்கென்று உயிரோடு இருக்காது. உள்ளே ஓடும் நிரல் முடிந்ததும் ஜன்னலும் மூடிக்கொள்ளும். உள்ளே போன நிரல் உடனே செத்துவிட்டது என்பதுதான் மின்னி மறைவதற்குப் பொருள், டெர்மினலில் பழுது எதுவும் இல்லை. அது ஏன் செத்தது என்று படிக்கும் முன் ஜன்னல் போய்விடுவதால்தான் ஆளாளுக்கு டெர்மினலைத் திட்டுகிறார்கள்.

உங்கள் லாக் கோப்பின் பெயரில் தேதி இருக்கிறதா? இருந்தால் காலையில் முதல் பில் போடும்வரை அந்தக் கோப்பே பிறந்திருக்காது. சின்ன எஃப் போட்ட டெயில், கோப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பெரிய எஃப் போடுங்கள். கோப்பு வரும்வரை காத்திருக்கும். லாக்கைச் சுழற்றிப் புதுக் கோப்பு தொடங்கினாலும் பெயரைப் பிடித்துக்கொண்டு புதியதற்குத் தாவும். சின்ன எஃப் பழைய கோப்பையே கட்டிக்கொண்டு அழும், திரையில் எதுவும் நகராது. எல்லாம் நின்றுபோய்விட்டது என்று கிளையிலிருந்து போன் வரும்.

நவம்பர் 4, காலை 7.05

நிரல் முடிந்த பிறகும் ஜன்னல் நிற்க வேண்டும் என்றால்:

க்னோம்-டெர்மினல் -- பாஷ் -சி 'வேலை.எஸ்ஹெச்; எக்ஸெக் பாஷ்'

வேலை முடிந்ததும் அதே இடத்தில் ஒரு பாஷ் (தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல்) உட்கார்ந்துகொள்ளும். பிழைச் செய்தியை நிதானமாகப் படிக்கலாம், அங்கேயே அடுத்த கட்டளையும் தட்டலாம்.

எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினலில் -ஹோல்ட் என்று ஒரு விருப்பமே உண்டு. எக்ஸ்எஃப்சிஇ டெர்மினலிலும் கேடிஇ-யின் கன்சோலிலும் அது இரட்டைக் கோடு போட்ட --ஹோல்ட். க்னோம் டெர்மினலில் அப்படி ஒன்று கட்டளை வரியில் இல்லை. புரொஃபைலுக்குள் (நிறம், எழுத்துரு போன்ற அமைப்புகளின் தொகுப்பு) போய், கட்டளை முடிந்ததும் ஜன்னலைத் திறந்தே வை என்று அமைக்க வேண்டும். அதைவிட மேலே சொன்ன பாஷ் வரிதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் வரியைப் பார்த்தாலே என்ன நடக்கும் என்று தெரிகிறது. புரொஃபைலில் ஒளிந்திருக்கும் அமைப்பு எனக்குப் பின்னால் வருகிறவர் கண்ணில் படாது.

நவம்பர் 4, மதியம் 1.30

மேற்கோள் குறிக்குள் எதற்கு வைக்க வேண்டும், நேராக எழுதினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். சோறு ஆறினாலும் பரவாயில்லை, இதை விரிவாகச் சொல்கிறேன்.

இங்கே மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் தட்டுகிற ஷெல் முதலாவது, டெர்மினல் இரண்டாவது, உள்ளே ஓடும் நிரல் மூன்றாவது. எந்தக் குறி யாருக்குப் போகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை காணாமல் போகும்.

க்னோம்-டெர்மினல் -- எல்எஸ் | லெஸ்

எல்எஸ் கோப்புகளின் பட்டியலைத் தரும், லெஸ் அதைப் பக்கம் பக்கமாகக் காட்டும். இந்த வரியில் நடுவில் நின்று ஒன்றின் வெளியீட்டை மற்றதற்கு அனுப்பும் குழாய்க் குறியை முதல் ஆளே பிடித்துக்கொள்வார். எல்எஸ் மட்டும் புது ஜன்னலுக்குப் போய் மின்னி மறையும். லெஸ் நீங்கள் தட்டின இடத்திலேயே வெறுமையாக நிற்கும். டெர்மினலுக்கு ஷெல் பாஷை தெரியாது. அரைப்புள்ளி, குழாய், இரட்டை ஆம்பர்சண்ட் எதுவும் அதற்குப் புரியாது. அதனால்தான் பாஷ் -சி என்று ஒரு ஷெல்லை உள்ளே அனுப்பி, முழு வரியையும் மேற்கோளுக்குள் அதன் கையில் கொடுக்கிறோம்.

ஒற்றை மேற்கோளா இரட்டையா என்பதும் முக்கியம். இரட்டைக்குள் $(டேட்) என்று எழுதினால், ஜன்னல் திறப்பதற்கு முன்பே வெளியில் இருக்கும் ஷெல் நேரத்தைக் கணக்கிட்டு எழுதிவிடும். உள்ளே மூன்று மணி நேரம் ஓடி முடித்த வேலை, ஆரம்பித்த நேரத்தையே முடிந்த நேரம் என்று காட்டும். ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் உள்ளே இருக்கும் ஷெல் தன் முறை வரும்போது பார்த்துக்கொள்ளும். நான் எப்போதும் ஒற்றைதான். வெளியே உள்ள மாறியின் மதிப்பு வேண்டும் என்றால் மட்டும் இரட்டை.

நவம்பர் 4, மதியம் 1.55

இன்னொன்று. பாஷ் -சி போட்டால், பாஷ் வழக்கமாகத் தொடங்கும்போது படிக்கிற .பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பைப் படிக்காது. அதில் நீங்கள் எழுதி வைத்த அலியாஸ் (கட்டளைக்கு வைத்த சுருக்கப்பெயர்) ஒன்றும் வேலை செய்யாது. வேண்டும் என்றால் பாஷ் -ஐசி. ஆனால் தானாக ஓடும் வரியில் அலியாஸை நம்பாதீர்கள், முழுக் கட்டளையையும் எழுதுங்கள். அடுத்த கணினியில் அந்த அலியாஸ் இருக்காது.

நவம்பர் 5, இரவு 10.20

மூலைக்குப் போகாத சங்கதி.

--ஜியோமெட்ரி=100எக்ஸ்30+0+0

இதில் 100, 30 இரண்டும் எழுத்துக் கணக்கு: நூறு நெடுவரிசை, முப்பது வரி. +0+0 பிக்சல் கணக்கு, இடது மேல் மூலை. -0+0 என்றால் வலது மேல், +0-0 இடது கீழ், -0-0 வலது கீழ். ஒரே வரியில் இரண்டு அளவை இருப்பதால்தான் பலரும் 800எக்ஸ்600 என்று போட்டுவிட்டு, ஜன்னல் திரையை விட்டு வெளியே போகிறது என்கிறார்கள். எதுவும் சொல்லாவிட்டால் 80எக்ஸ்24 வரும். 1978-இல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 முனையத்தின் திரை அளவு அது. அந்த 80-க்கும் பின்னால் ஐபிஎம்-இன் 80 நெடுவரிசை துளை அட்டை இருக்கிறது. இரண்டும் இப்போது இல்லை, அளவு மட்டும் இன்னும் நம் திரையில் உயிரோடு இருக்கிறது.

சரி, உங்கள் ஜன்னல் ஏன் மூலைக்குப் போகவில்லை? உபுண்டு 22.04-இல் வழக்கமாக வருவது வேலண்ட் (ஜன்னல்களைத் திரைக்குக் கொண்டுவரும் ஏற்பாடு). வேலண்டில் ஒரு நிரல் தன் ஜன்னலை எங்கே வைப்பது என்று தானே முடிவு செய்ய முடியாது, அது திரையை ஆளும் மேலாளரின் உரிமை. அதனால் 100எக்ஸ்30 செல்லும், +0+0 செல்லாது. கடவுச்சொல் கேட்கும் திரையில் பல்சக்கரக் குறியைத் தட்டி எக்ஸ்ஆர்க் (வேலண்டுக்கு முந்தைய பழைய ஏற்பாடு) அமர்வைத் தேர்ந்தெடுங்கள், நான்கும் மூலைக்குப் போகும்.

நவம்பர் 5, இரவு 10.45

மேலே சொன்னது உங்கள் 22.04-க்குச் சரி. நாளைக்கு 25.10 அல்லது அதற்குப் பிந்தையதற்கு மாறினால் அந்தத் தேர்வு கிடைக்காது. உபுண்டுவின் க்னோம் மேசையில் எக்ஸ்ஆர்க் அமர்வை எடுத்துவிட்டார்கள். டெர்மினலும் க்னோம் டெர்மினல் இல்லை, டிக்ஸிஸ் என்று புதியது.

அதனால் நான்கு மூலை என்ற ஆசையையே மறுபடி யோசித்துப் பாருங்கள். நான் மெல்ல மெல்ல ஒரே ஜன்னலுக்குள் தாவல்களுக்கு வந்துகொண்டிருக்கிறேன்:

க்னோம்-டெர்மினல் --டேப் --டைட்டில்=கடலூர் --டேப் --டைட்டில்=புதுவை

இது வேலண்டிலும் அப்படியே வேலை செய்யும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் டிமக்ஸைக் (ஒரே ஜன்னலுக்குள் பல ஷெல்களை ஓட்டும் நிரல்) கொண்டு ஒரே ஜன்னலை நான்காகப் பிரியுங்கள். எங்கே வைப்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நவம்பர் 6, காலை 6.40

தலைப்பு கொடுத்தால் ஒரு நொடியில் மாறிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உபுண்டுவின் .பாஷ்ஆர்சி செய்கிற வேலை அது. ஒவ்வொரு முறை பிராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் குறி) வரும்போதும் பயனர் பெயர், கணினிப் பெயர், அடைவு மூன்றையும் தலைப்பில் எழுதிவிடும். எக்ஸ்டெர்ம், ஆர்எக்ஸ்விடி என்று பெயர் போட்டு ஒரு பகுதி அந்தக் கோப்பில் இருக்கும், அங்கே பிஎஸ்1 வரியின் முன்னால் # போட்டுவிடுங்கள். ஷெல் இல்லாமல் நேராக டெயிலை ஓட்டினால் இந்தத் தொல்லையே கிடையாது, நீங்கள் கொடுத்த தலைப்பு அப்படியே நிற்கும்.

தலைப்பைத் தமிழிலேயே கொடுங்கள். தலைப்புப் பட்டையில் தமிழ் அழகாக வரும். உள்ளே கட்டங்களுக்குள்தான் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், ஏனென்றால் டெர்மினல் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கணக்குப் போடுகிறது, நம் எழுத்து அந்தக் கணக்குக்குள் அடங்காது. தமிழ்க் கோப்புப் பெயர்கள் நிறைய இருந்தால் எம்எல்டெர்ம் நிறுவிப் பாருங்கள், பலமொழி எழுத்துக்கென்றே எழுதப்பட்டது.

நவம்பர் 6, இரவு 9.30

தலைப்பும் நிறமும் எதற்கு, வெறும் அழகுதானே என்று இடையில் இன்னொருவர் கேட்டார். அவருக்கு என் பதில்: எங்கள் கடையில் அது பணம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ரெட்டிச்சாவடி தாண்டினால் புதுவை எல்லை. பஸ்ஸில் போகிறவருக்கு அது ஒரே ஊர் மாதிரிதான். ஜிஎஸ்டிக்கு அது வேறு. தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரிக்கு 34. ஒரே முதலாளியின் கடை என்றாலும் இரண்டு பக்கமும் தனித்தனிப் பதிவு. கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகும் சரக்குக்கு மத்திய வரியும் மாநில வரியும் பாதிப் பாதி. அதே சரக்கு முத்தியால்பேட்டைக்குப் போனால் ஐஜிஎஸ்டி, அதாவது எல்லை தாண்டும் சரக்குக்கான வரி. இரண்டு கணினியிலும் ஒரே பில்லிங் நிரல், ஒரே கறுப்புத் திரை, ஒரே பிராம்ப்ட். 33-இல் ஓட்ட வேண்டிய மாதக் கணக்கை 34-இல் ஓட்டினால் அதை அவிழ்த்துச் சரிசெய்வது கொடுமை.

அதனால் புதுவை ஜன்னலுக்கு ஆழ்ந்த சிவப்புப் பின்னணி. க்னோம் டெர்மினலில் சிவப்பு என்று ஒரு புரொஃபைல் செய்துவைத்து --புரொஃபைல்=சிவப்பு என்று திறக்கிறேன். எக்ஸ்டெர்ம் என்றால் புரொஃபைலே வேண்டாம், -பிஜி டார்க்ரெட் -எஃப்ஜி ஒயிட் போதும். தலைப்பில் பெரிதாக 34. கணக்குப் பார்க்கும் ஐயாவுக்குக் கண்புரை அறுவை ஆனது, அவர் மேசையில் --ஜூம்=1.5 சேர்த்திருக்கிறேன். அவர் எண்ணைப் படிப்பதற்கு முன்பே நிறத்தைப் பார்த்துவிடுகிறார். எந்த டெர்மினல் நல்லது என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் இந்த ஒரு வேலையை முதலில் செய்துவிட்டு வந்தால் சந்தோஷப்படுவேன்.

நவம்பர் 7, இரவு 8.10

எக்ஸ்டெர்மைப் பற்றித் தனியாகக் கேட்டதால்: அதன் விருப்பங்களுக்கு ஒற்றைக் கோடுதான். -ஜியோமெட்ரி, -டி, -எஃப்ஏ எழுத்துருவுக்கு, -எஃப்எஸ் அளவுக்கு. -ஈ எப்போதும் கடைசியில் வர வேண்டும். அதற்குப் பின்னால் வரும் எல்லாமே உள்ளே ஓடும் நிரலுக்குப் போய்விடும், பின்னால் எழுதின -ஹோல்ட்டும் சேர்த்துத்தான். க்னோம் டெர்மினலின் பழைய -ஈ அப்படி இல்லை, மேற்கோளுக்குள் ஒரே ஒரு சரத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். எக்ஸ்எஃப்சிஇ டெர்மினலில் -ஈ ஒரு சரம், -எக்ஸ் மீதி எல்லாம். எழுத்து ஒன்று, நடத்தை வேறு. இணையத்தில் கண்ட வரியை ஒட்டும் முன் அது எந்த டெர்மினலுக்கு எழுதியது என்று பாருங்கள்.

1984-இல் எழுதத் தொடங்கிய நிரல் எக்ஸ்டெர்ம். 1996 முதல் தாமஸ் டிக்கி என்ற ஒரே மனிதர் விடாமல் பராமரித்து வருகிறார். எங்கள் கிடங்கில் இருக்கும் பழைய கணினியில் கண் மூடித் திறப்பதற்குள் திறந்துவிடும்.

டெபியன் வழி வந்த எல்லாவற்றிலும் எக்ஸ்-டெர்மினல்-எமுலேட்டர் என்று ஒரு பொதுப்பெயர் உண்டு. எந்த டெர்மினல் நிறுவியிருந்தாலும் அந்தப் பெயரில் கூப்பிட்டால் -டி, -ஈ இரண்டையும் எக்ஸ்டெர்ம் மாதிரியே ஏற்க வேண்டும் என்பது டெபியனின் விதி. க்னோம் டெர்மினலுக்காக இடையில் நின்று மாற்றிக் கொடுக்க ஒரு சின்ன உறை நிரலையும் வைத்திருக்கிறார்கள். நாலு விதமான கணினிக்கு ஒரே ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் இந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். ஆனால் இந்த இரண்டு விருப்பத்துக்கு மேல் எதையும் அதில் எதிர்பார்க்கக் கூடாது.

நவம்பர் 8, காலை 9.00

மிக முக்கியமான ஒன்று விட்டுப்போனது. க்னோம் டெர்மினலைக் கட்டளையாகக் கூப்பிட்டால் அது காத்திருக்காது. பின்னணியில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், புது ஜன்னல் திற என்று அதனிடம் சொல்லிவிட்டு உங்கள் கட்டளை உடனே திரும்பிவிடும். ஸ்கிரிப்டில் முதல் வரி பேக்கப் ஜன்னல், இரண்டாம் வரி பென்டிரைவைக் கழற்று என்று எழுதினால், நகல் தொடங்கும்போதே கழற்றல் வரியும் ஓடும். --வெயிட் சேர்த்தால் உள்ளே வேலை முடியும்வரை நிற்கும். எக்ஸ்டெர்ம் இயல்பாகவே நிற்கும், அதற்கு எதுவும் சேர்க்க வேண்டாம்.

இதைச் சொல்லாமல் மூலையையும் நிறத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது எனக்கே உறுத்தியது. மூலை தவறினால் ஜன்னல்தான் இடம் மாறும், இது தவறினால் நகல் பாதியில் போகும்.

நவம்பர் 9, இரவு 10.05

கணினி தொடங்கும்போதே ஓடுவதற்கு: நான்கு வரியையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, வீட்டு அடைவில் .கான்ஃபிக் உள்ளே ஆட்டோஸ்டார்ட் என்ற அடைவில் ஒரு .டெஸ்க்டாப் கோப்பு வையுங்கள். அதில் எக்ஸெக்= வரியில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையை எழுதுங்கள். அலைக்குறி போட்டால் அது வீட்டு அடைவாக விரியாது, $ஹோம் என்றாலும் விரியாது, ஏனென்றால் அங்கே ஷெல் கிடையாது. சதவீதக் குறி வேண்டுமானால் இரண்டாகப் போட வேண்டும். இத்தனை விதியை நினைவில் வைப்பதைவிட, அந்த வரியில் பாதை மட்டும், மற்றதெல்லாம் ஸ்கிரிப்டில் என்று வைத்துக்கொள்வது நிம்மதி.

எஸ்எஸ்ஹெச் ஜன்னலுக்கு இன்னொரு ஏற்பாடு வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அடுத்து தென்பெண்ணை வெள்ளம். மின்சாரம் வரும், போகும், மறுபடி வரும். எங்கள் கணினி எழுந்து ஜன்னல்களைத் திறந்துவிடும், ஆனால் இணையம் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் வரும். எஸ்எஸ்ஹெச் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுச் செத்துவிடும், சிவப்பு ஜன்னலும் மூடிவிடும். பையனுக்கு என்ன செய்வதென்று தெரியாது. அதற்குப் பிறகுதான் இப்படி மாற்றினேன்:

க்னோம்-டெர்மினல் --புரொஃபைல்=சிவப்பு -- பாஷ் -சி 'அன்டில் எஸ்எஸ்ஹெச் -டி புதுவை டிமக்ஸ் நியூ -ஏ -எஸ் கடை; டூ ஸ்லீப் 5; டன்'

இணைப்பு கிடைக்கும்வரை ஐந்து நொடிக்கு ஒருமுறை முயன்றுகொண்டே இருக்கும். -டி போடாவிட்டால் மறுபக்கம் டிமக்ஸ் திரை கேட்டு முரண்டு பிடிக்கும். பெரிய ஏ, அதே பெயரில் அமர்வு இருந்தால் அதில் சேர்ந்துகொள், இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்கு என்று சொல்கிறது. இங்கே மின்சாரம் போனாலும் முத்தியால்பேட்டையில் யூபிஎஸ் தாங்கும்வரை ஓடிய வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரலாம்.

நவம்பர் 9, இரவு 10.30

4-ஆம் தேதி எழுதிய எக்ஸெக் பாஷ் வித்தையை இந்த எஸ்எஸ்ஹெச் ஜன்னலில் சேர்க்காதீர்கள். இணைப்பு முடிந்ததும் சிவப்பு ஜன்னலுக்குள் உள்ளூர் பாஷ் வந்து உட்காரும். நிறம் புதுவை, உள்ளே இருப்பது கடலூர். சிவப்பு ஜன்னல் வேலை முடிந்தால் மூடித்தான் ஆக வேண்டும்.

நவம்பர் 11, காலை 7.20

லாக் ஜன்னலும் தாவல்களும் சரியாக வருகின்றன, எஸ்எஸ்ஹெச் மட்டும் கடவுச்சொல் கேட்டு நிற்கிறது என்கிறீர்கள். எஸ்எஸ்ஹெச்-கீஜென் கொண்டு ஒரு சாவி செய்து, எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி கொண்டு கிளைக் கணினியில் பதியுங்கள். சாவிக்கு ஒரு கடவுச்சொல் கட்டாயம் வையுங்கள். கணினிக்குள் உங்கள் பெயரில் நுழைந்ததும் க்னோமின் சாவிக்கொத்து அதை நினைவில் வைத்துக்கொள்ளும். புதுவை என்ற சுருக்கப்பெயரை .எஸ்எஸ்ஹெச் அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்பில் எழுதுங்கள், அதிலேயே சர்வர்அலைவ்இன்டர்வல் 30 என்றும் ஒரு வரி. அப்புறம் ரவுட்டரை நடுவில் அணைத்துப் போட்டுப் பாருங்கள். சிவப்பு ஜன்னல் ஒன்றிரண்டு நிமிடத்தில் தொடர்பு போனதை உணர்ந்து மறுபடி தட்டத் தொடங்கினால் உங்கள் வரி தயார்.